டெர்மினலை மூடிய பிறகும் நிரல் ஓட வேண்டுமானால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார், எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். பழைய நூல்களின் ஸ்கேன் பக்கங்களை எழுத்துகளாக மாற்றும் பைத்தான் நிரல் ஒன்றை வாடகை சர்வரில் ஓடவிட்டிருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், அறுநூறு பக்கங்களில் நாற்பதோடு வேலை நின்றிருந்தது. நிரலைப் பின்னணியில் ஓடவைக்க, கமாண்டின் கடைசியில் & குறியை அவர் மறக்காமல் போட்டிருந்தார். ஆனால் பின்னணியில் ஓடுவது வேறு, டெர்மினலை விட்டுப் பிரிவது வேறு.

டெர்மினல் மூடப்பட்டாலோ இணைப்பு அறுந்தாலோ, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், சிக்ஹப் (SIGHUP) என்னும் 1ஆம் எண் சிக்னலை, நாம் தட்டும் கமாண்டுகளை நிறைவேற்றும் ஷெல்லுக்கு அனுப்புகிறது. ஷெல் அதைத் தன் ஜாப் பட்டியலில் (அது தொடங்கிவைத்த வேலைகளின் பட்டியல்) உள்ள எல்லாவற்றுக்கும் கடத்திவிட்டு முடிகிறது. அதை எதிர்கொள்ள ஏற்பாடு செய்யாத நிரலும் கூடவே முடிந்துவிடும். பலரையும் ஏமாற்றுவது இன்னொன்று: பாஷ் ஷெல்லில் ‘எக்ஸிட்’ என்று தட்டி முறையாக வெளியேறினால், இயல்பான அமைப்பில் பின்னணி ஜாப்களுக்கு இந்தச் சிக்னல் போவதில்லை. எனவே ஒரு நாள் பிழைத்த நிரல், ஜன்னலை நேராக மூடிய மறுநாள் செத்துப்போகிறது; ஒருமுறை பிழைத்ததை நம்பி & மட்டும் போதும் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நிரலைத் தொடங்கும்போதே கமாண்டின் முன்னால், இந்தச் சிக்னலைப் பொருட்படுத்தாமல் ஓடவைக்கும் நோஹப் (nohup) சேர்ப்பது நல்லது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை கண்ட்ரோல்-இசட் கொண்டு நிறுத்தி, பிஜி (bg) கொடுத்துப் பின்னணியில் தொடரவிட்டு, டிஸ்ஓன் (disown) கொண்டு ஜாப் பட்டியலிலிருந்து விலக்கலாம். ஆனால் டிஸ்ஓன் சிக்னலிலிருந்து மட்டுமே காக்கும். நிரலின் வெளியீடு இன்னும் பழைய டெர்மினலைத்தான் நோக்கியிருக்கும், அது மறைந்தபின் எழுத முயலும்போது பிழை வரும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போது, பிழைச் செய்திகளையும் அங்கேயே அனுப்பும் 2>&1 என்பது கோப்பின் பெயருக்குப் பின்னால் வர வேண்டும்; முன்னால் போட்டால் பிழைச் செய்திகள் அந்தக் கோப்பில் சேரா.

கோப்புக்குத் திருப்பியதும் பைத்தான் தன் வெளியீட்டைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும். லாக் கோப்பு வெகுநேரம் காலியாகக் கிடப்பதைக் கண்டு, நன்றாக ஓடும் நிரலை 9ஆம் எண் சிக்னலால் கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும். பைத்தானுக்கு -யு (-u) விருப்பத்தைக் கொடுத்தால் வரிகள் உடனுக்குடன் விழும்.

நீண்ட வேலைகளுக்கு நான் பரிந்துரைப்பது டிமக்ஸ் (tmux); இணைப்பு போனாலும் தனக்குள் ஓடும் ஷெல்லை உயிரோடு வைத்திருக்கும் நிரல் அது. அதைத் தன் லேப்டாப்பில் திறந்து, அதற்குள்ளிருந்து சர்வருக்குப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. பிற்பகல் மின்தடையில் வீட்டு ரவுட்டர் அணைந்தால் இணைப்பும் போகும், சர்வரில் இருந்த நிரலும் போகும். முதலில் சர்வருக்குள் நுழைந்து, அங்கே டிமக்ஸைத் தொடங்கி, கண்ட்ரோல்-பி, பிறகு டி என்று அழுத்திப் பிரிந்து வர வேண்டும். நிரல் லேப்டாப்பிலேயே ஓடுவதானால், மூடியை மூடியதும் கணினி உறங்கிவிடும், நோஹப்பாலும் பயனில்லை.

சர்வர் மறுதொடக்கம் ஆனால் டிமக்ஸும் மிஞ்சாது. எப்போதும் ஓட வேண்டிய நிரலை, கணினி தொடங்கும்போதே சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் (systemd) சேவையாக எழுதிவைப்பதே முறை. அந்தத் தம்பியின் வேலை ஓர் இரவில் முடிவது என்பதால், சர்வரில் திறந்த டிமக்ஸே அவருக்குப் போதுமானதாக இருந்தது.