மருத்துவமனை நகைச்சுவைத் தொடர் எடுப்பது எப்படி? சிரிப்பொலியிலிருந்து தொடங்குங்கள்

மருத்துவமனையை வைத்து நகைச்சுவைத் தொடர் எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஓடுவது வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வாங்கத்தான். அவற்றைக் கடைசியில் வாங்கினால் போதும். முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு: வசனம் முடிந்ததும் திரைக்குள்ளிருந்து ஒரு கூட்டத்தின் சிரிப்புச் சத்தம் கேட்கப் போகிறதா, இல்லையா? கேமரா எத்தனை, சுவர் எத்தனை, விளக்கு எங்கே, வசனங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்தவை.

எட்டு நிமிட அத்தியாயம் ஒன்றை இரண்டே நாளில் எடுக்கப் போகும் புதியவர்களுக்கான விளக்கம் இது. மாதிரிக்கு அமெரிக்க மருத்துவமனை நகைச்சுவைத் தொடரான 'ஸ்க்ரப்ஸ்' (2001–2010) அடிக்கடி வரும்.

படி 1: சிரிப்பொலி வேண்டுமா?

வேண்டும் என்றால் அது பல கேமரா முறை. மூன்று சுவர் மட்டுமுள்ள செட், நாலாவது சுவர் இருக்க வேண்டிய பக்கத்தில் பார்வையாளர்கள், பெரும்பாலும் நான்கு கேமராக்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும் என்பதால் மேலிருந்து சமமாக வெளிச்சம் அடிப்பார்கள். வாரம் முழுக்க ஒத்திகை, ஒரே மாலையில் பதிவு. சிரிப்பு அடங்கும்வரை நடிகர் அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

வேண்டாம் என்றால் ஒற்றைக் கேமரா முறை. நாலு சுவரும் உண்டு, ஷாட் ஷாட்டாக விளக்கு மாற்றலாம், வசனம் மேல் வசனம் விழலாம். 'ஸ்க்ரப்ஸ்' இப்படித்தான் எடுக்கப்பட்டது. வித்தியாசத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், 2005-இல் ஒளிபரப்பான அதன் நான்காவது சீசனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. நாயகன் தன் மருத்துவமனையைப் பழைய பாணித் தொடராகக் கற்பனை செய்வான். உடனே வெளிச்சம் பளீரென்று கூடும், சிரிப்பொலி வரும், எல்லாப் பிரச்சினையும் இனிமையாகத் தீரும். திரும்ப நிஜத்துக்கு வரும்போது அந்த வார்டு எவ்வளவு மங்கலாக இருந்தது என்பதே அப்போதுதான் உறைக்கும்.

கொரியப் போர்க்களத்து மருத்துவமனையைக் காட்டிய 'மாஷ்' (1972–1983) தொடரில் இதுவே பெரிய இழுபறியாக இருந்தது. தொலைக்காட்சி நிறுவனம் சிரிப்பொலி வேண்டுமென்றது, எடுத்தவர்களுக்கு விருப்பமில்லை. அறுவை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கிடையாது என்பதில் சமரசம் ஆனார்கள். பிரிட்டனில் பிபிசி அதைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. திறந்த வயிற்றின் மேல் நாலு பேர் குனிந்து நிற்கும்போது யாரோ கைகொட்டிச் சிரித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புதியவர்கள் ஒற்றைக் கேமரா முறைக்கே போங்கள். இனி வருவதெல்லாம் அதற்கான படிகள்.

படி 2: இடம்

இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் எடுக்காதீர்கள். நோயாளிகளின் அந்தரங்கம் கேமராவில் பதியும். ஸ்ட்ரெச்சர் வரும் வழியில் உங்கள் ஸ்டாண்ட் நிற்கும். அறிவிப்பு ஒலிபெருக்கி ஒவ்வொரு டேக்கிலும் குறுக்கே பேசும். மூடிக்கிடக்கும் நர்சிங் ஹோம், நர்சிங் கல்லூரியின் பயிற்சி வார்டு போன்ற இடங்களைத் தேடுங்கள். 'ஸ்க்ரப்ஸ்' முதல் எட்டு சீசன்களும் லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த் ஹாலிவுட்டில் மூடப்பட்டிருந்த ஒரு நிஜ மருத்துவமனையில்தான் எடுக்கப்பட்டன.

இடம் பார்க்கும்போது அளக்க வேண்டியது நடைபாதையை. 15 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்கு மேல் அகலமும் இருந்தால், இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்க, கேமரா பின்னோக்கிப் போக, இரண்டு பக்க வசனத்தை ஒரே ஷாட்டில் முடித்துவிடலாம். ஒரே நடைபாதையை மூன்று தளங்களாகக் காட்டவும் முடியும். வழிகாட்டிப் பலகையையும் சுவரொட்டியையும் மாற்றுங்கள், எதிர்ப்பக்கமிருந்து எடுங்கள், நாற்காலி வரிசையை இடம் மாற்றுங்கள். தரையின் நிறம் மட்டும் காட்டிக்கொடுக்கும், அதனால் மூன்றிலும் தரையைச் சட்டகத்துக்கு வெளியே வையுங்கள்.

படி 3: கதைத்தாளும் கால்ஷீட்டும்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. வேகமாகப் பேசும் நகைச்சுவையில் எட்டு நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் வரை இழுக்கும். நாளைக்கு ஐந்து பக்கம், அதற்கு மேல் போடாதீர்கள். நடைபாதைக் காட்சிகளை எல்லாம் ஒன்றாக, அறைக் காட்சிகளை எல்லாம் ஒன்றாக எடுங்கள்.

படி 4: விளக்கு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய டியூப்லைட் முகத்தில் பச்சை படியச் செய்யும். போதாக்குறைக்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாமே 50 ஹெர்ட்ஸ்தான். நொடிக்கு 25 ஃபிரேம் (படங்கள்), ஷட்டர் (ஒவ்வொரு படமும் ஒளியை வாங்கும் நேரம்) 1/50 நொடி வைத்தால் தப்பித்தீர்கள். 24 ஃபிரேம்தான் வேண்டும் என்றால் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரியில் வையுங்கள், அதுவும் அதே 1/50 நொடிதான். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் காணொளிகள் 60 ஹெர்ட்ஸ் கணக்கில் 1/60 சொல்லும், அதைக் கேட்டு வைத்தால் பின்சுவரில் பட்டை பட்டையாக ஓடும்.

முடிந்தால் டியூப்களைக் கழற்றிவிட்டு, அதே பட்டிகளில் 5600 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்), சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேற்பட்ட எல்.இ.டி. குழல்களை மாட்டுங்கள். கூரையிலேயே விளக்கு இருந்தால் நடைபாதையில் ஸ்டாண்ட் வேண்டாம், கேமரா எந்தப் பக்கமும் திரும்பலாம். வெள்ளைச் சுவர் எல்லாப் பக்கமும் ஒளியைத் திருப்பி அடிப்பதால் முகம் தட்டையாகிவிடும். முகத்தின் ஒரு பக்கம் கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்தால் போதும், வடிவம் வந்துவிடும்.

வெள்ளைக் கோட்டு அடுத்த தலைவலி. புதுக் கோட்டு கேமராவில் வெளுத்துப்போய் மடிப்பே தெரியாது, அதைச் சரிக்கட்டினால் முகம் இருண்டுவிடும். டீத்தூள் கொதித்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி அலசிக் காயப்போடுங்கள். கண்ணுக்கு லேசான பழுப்பு, திரையில் வெள்ளை. எத்தனை கோட்டு இருந்தாலும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாக முக்க வேண்டும், இல்லையென்றால் நாலு நிறமாக வரும்.

படி 5: மருத்துவப் பொருள்கள்

இந்த வகைத் தொடரில் மருத்துவம் நிஜமாக இருக்க வேண்டும், மனிதர்கள்தான் சிரிப்பு மூட்ட வேண்டும். மருத்துவமே பொம்மையாகத் தெரிந்தால் நோயாளிக்கு என்ன ஆகுமோ என்ற கவலை போய்விடும். கவலை இல்லாத இடத்தில் நகைச்சுவைக்கும் வேலையில்லை.

ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகள் முன்பக்கம், மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மார்பு எக்ஸ்ரே மாட்டும்போது இதயத்தின் கூர்முனை பார்ப்பவரின் வலப்பக்கம் நீண்டிருக்க வேண்டும். 'ஸ்க்ரப்ஸ்' முகப்புக் காட்சியிலேயே எக்ஸ்ரே இடவலம் மாறித் தொங்கியது. பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் பாத்திரமே அந்த முகப்புக் காட்சிக்குள் வந்து திருப்பி மாட்டுவதாக அதையும் ஒரு நகைச்சுவையாக்கிவிட்டார்கள். உங்களுக்கு அத்தனை சீசன் கிடைக்காது, முதல் நாளே சரியாக மாட்டுங்கள்.

டிரிப் போடும் காட்சியில் ஊசியே வேண்டாம். ஊசி நீக்கிய கான்யூலாவை (டிரிப் குழாயைப் பொருத்தும் சிறு முனை) கையின் மேல் பிளாஸ்திரியால் ஒட்டி, குழாயின் மறுமுனையைக் கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டிலில் விடுங்கள். பையை டேக் தொடங்கும் முன் உருளைக் கவ்வியால் அடைத்துவிட வேண்டும். மறந்தால் மாஸ்டர் ஷாட்டில் (காட்சி முழுவதையும் அகலமாக எடுப்பது) முழுதாக இருந்த பை குளோசப்பில் பாதியாகி, மறுபடி முழுதாகிவிடும்.

நெஞ்சை அழுத்தும் முதலுதவியை நடிகர் மேல் நிஜமாகச் செய்யக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்பது விலா எலும்பை உடைக்கக்கூடிய அழுத்தம். அதற்குப் பயந்துதான் தொடர்களில் முழங்கையை மடக்கி மடக்கி நடிக்கிறார்கள், அது பார்த்தவுடனேயே பொய்யென்று தெரியும். பயிற்சிப் பொம்மை ஒன்றை வாடகைக்கு எடுத்து, முழங்கை மடங்காமல் தோளோடு சேர்த்து அழுத்துவதை அதில் எடுங்கள். நோயாளியின் முகத்தைத் தனி ஷாட்டாக வைத்துக்கொள்ளலாம். மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது மின் அதிர்ச்சி கொடுப்பதும் தவறு. நின்றுபோன இதயத்துக்கு அது பயன்படாது.

மானிட்டருக்கு டேப்லெட்டில் ஓடும் பயிற்சிச் செயலி போதும். துடிப்பு 72, ஆக்சிஜன் 98 என்று வைத்து, ஒலியை முழுக்க அணைத்துவிடுங்கள். பீப் சத்தம் வசனத்தோடு பதிந்தால் எடிட்டில் ஒவ்வொரு வெட்டிலும் தாளம் தப்பும். பின்னால் தனித் தடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 6: ஷாட் எடுத்தல்

முதலில் மாஸ்டர், பிறகு சஜஷன் (ஒருவர் தோளுக்கு மேலிருந்து மற்றவரை எடுப்பது), கடைசியில் குளோசப். மாஸ்டரில் நடிகர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசட்டும். குளோசப்பில் அப்படிப் பேசவிடாதீர்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே ஒரு நொடி மௌனம் வேண்டும். அந்த மௌனம் இருந்தால்தான் எடிட்டில் வசனங்களை எவ்வளவு நெருக்க வேண்டுமோ அவ்வளவு நெருக்க முடியும். ஒன்றன்மேல் ஒன்று பதிந்த குரல்களைச் சுத்தமாகப் பிரிப்பது மிகக் கடினம்.

சிரிப்பு வருவது பெரும்பாலும் பேசியவர் முகத்தில் அல்ல, கேட்டவர் முகத்தில். அதனால் வசனம் இல்லாதவருக்கும் குளோசப் எடுங்கள், வசனம் முடிந்து மூன்று நொடி கழித்தே கட் சொல்லுங்கள்.

கற்பனைக் காட்சிக்குள் போவது இந்த வகையின் சிறப்பு. நடிகர் தலையைச் சாய்த்து மேலே பார்க்கிறார், கற்பனை ஓடுகிறது, திரும்ப அதே முகம். போவதையும் வருவதையும் தனித்தனியாக எடுத்தால் தலைமுடி, வெளிச்சம், கைவைத்த இடம் ஏதாவது ஒன்று மாறிவிடும். ஒரே டேக்கில் தலையைச் சாய்க்கச் சொல்லி, பத்து நொடி அப்படியே நிற்கவைத்து, திரும்பி வரச் சொல்லுங்கள். நடுவில் வெட்டிக் கற்பனையைச் செருகுங்கள். அது எட்டு நொடியைத் தாண்டக் கூடாது, அதற்குமேல் அது தனிக் காட்சியாகிவிடும்.

நாயகனின் மனக்குரல் உண்டென்றால், யாராவது ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அந்த வரிகளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் முகபாவம் இரண்டு நொடியில் முடிந்துவிடும், குரலோ ஆறு நொடி ஓடும்.

பின்னணியில் ஆள் நடமாட்டம் அவசியம். எட்டு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் போதும். மூவர் கேமராவுக்கு அருகே குறுக்காக, மூவர் நடுவில், இருவர் தொலைவில். யாரும் நகைச்சுவை வரியின் கடைசிச் சொல்லில் குறுக்கே போகக் கூடாது.

முகக்கவசம் அணிந்த அறுவைக் காட்சியில் வாய் தெரியாது, பாதி நடிப்பு போய்விடும். ஆனால் ஒரு லாபமும் உண்டு: உதட்டசைவு தெரியாததால் சப்பென்று போன வசனத்தை டப்பிங்கில் மாற்றி எழுதலாம்.

படி 7: எடிட்டும் ஒலியும்

ஒவ்வொரு அறையிலும் ஏ.சி., ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆள் அசையாமல் 30 நொடி வெறும் அறைச் சத்தம் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையே ஒட்ட அது தேவைப்படும். ஃபிரிட்ஜை அணைத்த கையோடு யாராவது ஒருவர் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது சாவியை எடுக்கப் போய், மறக்காமல் ஃபிரிட்ஜைத் திரும்ப ஓடவிட்டுவிடுவார்.

சிரிப்பிலிருந்து சோகத்துக்குத் திரும்பும் இடத்தில் சோக இசையைத் தூக்கிப் போடாதீர்கள். இசையை நிறுத்துங்கள். நகர்ந்துகொண்டிருந்த கேமரா நிற்கட்டும். அகலமாகக் காட்டும் 24 மி.மீ. லென்ஸ் போய் முகத்தை நெருக்கிக் காட்டும் 85 வரட்டும். பிறகு அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பீப் சத்தத்தை எடுத்துவிடுங்கள்.

படி 8: பார்வையாளர் முன் வைத்தல்

முகப்புக்கு முன் 60 முதல் 90 நொடிக்குள் முடியும் ஒரு சிறு காட்சி, அடுத்து 15 நொடிக்கு மிகாத முகப்பு. இணையத்துக்கு ஒலியளவு ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்று வைக்கலாம். தொலைக்காட்சிக்கு ஐரோப்பிய விதி மைனஸ் 23. பாட்டு உரிமையை எழுத்தில் வாங்குங்கள், எந்தத் தளத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பது உட்பட. உரிமைச் சிக்கலால் 'ஸ்க்ரப்ஸ்' தொடரின் சில பிற்காலப் பதிப்புகளிலேயே பாட்டுகள் மாற்றப்பட்டிருக்கின்றன.

வெளியிடும் முன் கதை தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி, எந்த நொடியில் சிரிக்கிறார்கள் என்று குறியுங்கள். சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கினால், கேட்டவர் முகத்தை இன்னும் 12 ஃபிரேம் நீட்டுங்கள். அந்த ஐவரில் ஒருவர் நர்ஸாக இருக்கட்டும். அவர் சிரிக்காமல் முகம் சுளிக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு, அங்கே குளோசப்பால் மறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.