ஆடாதோடை இலையில் புள்ளியா? கஷாயத்துக்குப் பறிக்கும் முன் பாருங்க

வேலூர்ப் பக்கம் ஐப்பசி மழை பிடிச்சதும் சளி, இருமல் வரும். கை தானா வேலியோர ஆடாதோடைக்குப் போகும். அதே ஈரத்தில்தான் இலைப்புள்ளி நோயும் பரவும்.

பூச்சி கடிச்ச இலையில் ஓட்டையோ, அரிச்ச ஓரமோ இருக்கும். பூஞ்சைப் புள்ளி வேற மாதிரி: பழுப்பு வட்டம், சுத்தி மஞ்சள் வளையம், நாளாக நாளாக நடுவில் சாம்பல் நிறம். சிலதில் மிளகுத்தூள் தூவினாப்பல கறுப்புப் பொட்டுகள் தெரியும். பூஞ்சையோட வித்துகள் உருவாகிற இடம் அது. மழைத்துளி தெறிச்சு அடுத்த இலைக்குப் போயிடும். அடி இலையில் முதலில் வர்றதும் அதனால்தான்.

புள்ளி இலைகளை வெயில் ஏறி, செடி காய்ஞ்ச பிறகு கிள்ளுங்க. கீழே உதிர்ந்ததையும் கூட்டி எரிச்சிடுங்க, எருக்குழியில் போட வேண்டாம். நெருக்கமான கிளைகளைக் கழிச்சு காத்தோட்டம் குடுங்க. தண்ணீர் வேரில் மட்டும். அப்பவும் அடங்கலன்னா, சூடோமோனாஸ் தூள் (பூஞ்சையை அடக்குற நல்ல பாக்டீரியா) லிட்டர் தண்ணிக்கு 5 முதல் 10 கிராம் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். உர மருந்துக்கடையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடுன்னு ஒரு ரசாயனப் பூஞ்சைக்கொல்லி எடுத்துக் குடுப்பாங்க. கத்தரிக்கு சரி, கொதிக்க வெச்சுக் குடிக்கிற இலைக்கு நான் அடிக்க மாட்டேன்.

ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் காட்டில் தானா வளர்ற செடியில் எதையும் தெளிக்காதீங்க. புள்ளி இல்லாத செடியா பார்த்துப் பறிச்சா போதும். புதுசா நட குச்சி வெட்டுறதும் அந்தச் செடியிலேயே.