தறிச் சத்தத்தில் காது கெடாமல் இருக்க

குமாரபாளையம் பக்கம் விசைத்தறிகளுக்கு ஃபிட்டராக இருக்கிறேன். புதிதாகத் தறிக்கு வரும் பையன்கள் "ரெண்டு நாள்ல பழகிடும்ணே" என்பார்கள். காதா பழகும்? உள்காதில் சத்தத்தை உணரும் மயிர்ச்செல்கள் செத்துக்கொண்டிருக்கும். செத்தவை மறுபடி முளைக்காது.

கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் சத்தம் 85 டெசிபலைத் தொட்டிருக்கும். நாடாத் தறிக் கொட்டகையில் (நாடா என்றால் ஊடை நூலோடு குறுக்கே ஓடும் ஓடம்) 95, 100 எல்லாம் சாதாரணம். தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபலில் 8 மணி நேரம் நிற்கலாம், 100-ல் 2 மணி நேரம்தான். நாம் நிற்பதோ 12 மணி நேர ஷிப்ட்.

தறியில் முதலில் பார்க்க வேண்டியது பிக்கர், அதாவது நாடாவை அடித்துத் தள்ளும் துண்டு. தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். நாடா அடி தேவைக்கு மேல் ஓங்கி விழுந்தால் குறைத்து வையுங்கள். ஆடும் போல்ட்டை முடுக்கி, பல்சக்கரத்துக்கு கிரீஸ் வையுங்கள். இதனால் கடகடப்பு குறையும், ஆனால் காதை மூடாமல் நிற்கும் அளவுக்குக் குறையாது.

ஆகவே காதுக்குள் வைக்கும் நுரை அடைப்பான்தான் வழி. கழிவுப் பஞ்சைத் திணிப்பது பெயருக்குத்தான். கையில் எண்ணெய் இருந்தால் கழுவிவிட்டு, அடைப்பானைச் சுருக்கம் விழாமல் ஊதுவத்திக் குச்சி போல மெல்லிசாக உருட்டுங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும். உள்ளே தள்ளி, முப்பது எண்ணும்வரை விரலால் பிடித்திருங்கள். அது உள்ளே உப்ப வேண்டும். பிறகு இரு கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். சத்தம் பெரிதாக மாறவில்லை என்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மறுபடி உருட்டுங்கள்.

பேசுவதற்காகக் கழற்றாதீர்கள். 8 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் காது திறந்திருந்தால், 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானும் சுமார் 9 டெசிபல் குறைத்ததாகத்தான் கணக்கு. இழை அறுந்ததைச் சொல்லத்தான் நம்மிடம் சைகை இருக்கிறதே! ஊர்க்கதை பேச வெளியே டீக்கடை இருக்கிறது.

ஷிப்டு முடிந்தும் காதில் 'உய்ய்' என்று கேட்டால், காலையில் வைத்த டிவி சத்தம் ராத்திரி போதவில்லை என்றால், காது அடி வாங்கியிருக்கிறது. வருடம் ஒருமுறை ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடாகக் காட்டும் காது சோதனை) எடுங்கள். ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு, தறிக்குப் போகும் முன்பே எடுக்க வேண்டும். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். சத்தத்தால் கெடும் காது பெரும்பாலும் அங்கேதான் முதலில் இறங்கும். சத்தத்தால் வரும் செவிக்குறைவு சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கார்டு உள்ளவர்கள் எத்தனை வருடம் தறியில் நின்றீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லி, நகல் வாங்கி வையுங்கள்.