தெருவில் விட்ட வண்டியும் பத்து மணி நேரக் கணக்கும்

எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளை கார் நிற்கிறது. நான்கு டயரிலும் காற்று இல்லை. கண்ணாடியில் படிந்த தூசியில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதிப் பழகுகிறார்கள். உரிமையாளரிடம் யாராவது கேட்டால், "லைஃப் டாக்ஸ் கட்டியிருக்கேன், ரோட்டுல நிறுத்த எனக்கு உரிமை இல்லையா?" என்பார். இல்லை. சாலை வரி கட்டினால் தெருவில் இடம் சொந்தமாகாது. அவருக்கு எதிர்வீட்டில் பூந்தொட்டி வைத்து இடம் பிடிப்பவருக்கும் இதே பதில்தான்.

இதைவிடப் பரவலான தவறு, பத்து மணி நேரக் கணக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவில் பத்து மணி நேரம் என்று இருப்பது உண்மைதான். பொது இடத்தில் ஆளில்லாமல் அவ்வளவு நேரமோ அதற்கு மேலோ கிடக்கும் வண்டியை இழுத்துப்போகவும், சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் அந்தப் பகுதியின் காவல் அதிகாரி, சீருடையில் இருந்தால், உத்தரவிடலாம். இதைப் பாதி படித்தவர்கள், "ஒன்பதரை மணி நேரம் வரைக்கும் யாரும் தொட முடியாது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதே வாக்கியத்தில் ஓர் "அல்லது" இருக்கிறது. நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிறுத்தியிருந்தாலும் எடுக்கலாம். அதற்கு மணிக்கணக்கே கிடையாது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் பைக் காணாமல் போவது இப்படித்தான். எரிந்தது, நொறுங்கியது, பாதி கழற்றிப் போட்டது என்று போக்குவரத்துக்கு ஆபத்தாகக் கிடக்கும் வண்டியையும் உடனே அப்புறப்படுத்தச் சொல்லலாம். இழுத்த செலவு உரிமையாளர் தலையில், அபராதம் தனி.

"நோ பார்க்கிங் போர்டே இல்லையே சார்" என்ற வாதமும் எல்லா இடத்திலும் எடுபடாது. நடைபாதை, ஜீப்ரா கோடு, பஸ் நிறுத்தம், அடுத்தவர் கேட் வாசல் ஆகியவற்றுக்குப் போர்டு தேவையில்லை. 2017-ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் விதிமுறைகளே தடுக்கின்றன. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி 500 ரூபாய் வரை அபராதம். பொதுவழியை மறித்ததாகக் குற்ற வழக்கே போட்டால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை போகும். 2024 ஜூன் 30 வரை அமலில் இருந்த பழைய தண்டனைச் சட்டத்தில் அது வெறும் 200 ரூபாய்.

பிரேக்டவுன் ஆன வண்டிக்குச் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. எதிர்பாராமல் பழுதாகி, எடுக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தால் அந்த 201-ஆவது பிரிவின் அபராதம் இல்லை. ஏற்பாடு நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, மெக்கானிக்குக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் சலுகையும் போய்விடும். மெக்கானிக்கை அழைத்த போன் பதிவு, வண்டி நிற்கும் போட்டோ இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி நிறுத்திய இடத்தில் இல்லையா? நேரே திருட்டுப் புகார் கொடுக்க ஓடாதீர்கள். முதலில் அந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்திலோ கட்டுப்பாட்டு அறையிலோ விசாரியுங்கள். வண்டி அங்கே இருந்தால், எடுக்கும் முன் கீறல், உடைசலைப் போட்டோ எடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். சக்கரப் பூட்டை உடைக்கும் வீரம் வேண்டாம். 500 ரூபாயில் முடியவேண்டியது தனி வழக்காகிவிடும். இன்னொன்று: இழுத்துப்போன வண்டி வேறு, வழக்கில் பறிமுதல் செய்த வண்டி வேறு. முன்னதை அபராதமும் இழுவைச் செலவும் கட்டி மீட்கலாம். பின்னதற்கு நீதிமன்றம் போகவேண்டி வரும். அப்படிப் பறிமுதலான வண்டிகளைக் காவல் நிலையங்களில் நீண்டகாலம் போட்டுவைக்கக் கூடாது என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலைய வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்தால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

கடைசித் தவறுதான் ஆளை மாட்டிவிடுவது. பழைய வண்டியை விற்கும்போது வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாறியதா என்று பார்க்காமல் விடுவது. சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். 2018-இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. இனி ஓடவே ஓடாது என்று ஆன வண்டிக்கும் 14 நாள் கணக்கு உண்டு. தகவல் கொடுத்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்துசெய்ய வேண்டும். வண்டியைப் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் சான்றிதழும் கிடைக்கும்.

எங்கள் தெரு வெள்ளை கார் இன்னும் முதல் உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறதாம். அவர் வேறு ஊரில் இருக்கிறார். நோட்டீஸ் போனால் அவர் வீட்டுக்குத்தான் போகும்.