சிறிய கல்லூரி கால்பந்து அணியைத் தொடர்வதா, நிறுத்துவதா: முடிவெடுக்கும் முறை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துச் சிறிய கல்லூரிகளில் வரவு செலவுத் திட்டம் போடும் வேளையில், இருக்கிற நிதியில் கால்பந்து அணி தேவைதானா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் பெரும்பாலும் அது ஓர் அரைமணி நேரக் கூட்டத்தில், கணக்கேட்டைப் பிரிக்காமலேயே தீர்க்கப்பட்டுவிடுவதை உடற்கல்வித் துறையில் நெடுநாள் பணியாற்றிய நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு முன்பு செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், மைதானத்தின் செலவையும் அணியின் செலவையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். வேலி, புல் வெட்டும் கூலி, காவலாளியின் சம்பளம் ஆகியவை அணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்லூரி கொடுக்க வேண்டியவை. அவற்றை அணியின் தலையில் ஏற்றினால், அணியைக் கலைத்த பிறகும் அந்தச் செலவு அப்படியே நிற்பதைக் கண்டு நிர்வாகம் திகைக்கும். அணியின் தாளில் பந்து, ஜெர்சி, பூட்ஸ், கோல் வலை, போட்டிப் பதிவுக் கட்டணம், வண்டி வாடகை, சாப்பாடு, பயிற்றுநரின் மதிப்பூதியம் ஆகியவை மட்டும் வரட்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 1,500 மாணவர்கள் ஆளுக்கு 200 ரூபாய் விளையாட்டுக் கட்டணம் செலுத்தினால் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் சேர்கிறது. அதில் எத்தனை பங்கு கால்பந்துக்குப் போகிறது, எத்தனை பங்கு விளையாட்டுக்கே போகாமல் வேறு கணக்கில் கரைகிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பயணச் செலவு இடத்துக்கு இடம் மாறும். கடலூர்க் கல்லூரி சிதம்பரத்தில் ஆட வேண்டுமென்றால் தூரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். புதுச்சேரியின் நிலை வேறு. அதன் பகுதிகள் காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்தில் யானம் என்று சிதறிக் கிடப்பதால், அங்கெல்லாம் போய் ஆட வேண்டி வந்தால் தங்கும் செலவும் சேரும். சிக்கனம் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுவே. பந்தின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

அடுத்தது நிலம். ஆட்ட விதிகள் அனுமதிக்கும் மிகச் சிறிய மைதானம் 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்டது. அது ஏறக்குறைய சரியாக ஓர் ஏக்கர். பன்னாட்டுப் போட்டிகளில் வழக்கமான 105க்கு 68 மீட்டர் அளவோ ஒன்றே முக்கால் ஏக்கரைத் தொடும். கல்லூரிக்கு ஓர் ஏக்கர் வெற்றுநிலம் இருக்கிறதா, அடுத்த கட்டடத்துக்காக அதில் யாரேனும் கண் வைத்திருக்கிறார்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பல இடங்களில் அணியை நிறுத்தச் சொல்லும் குரலுக்குப் பின்னால் நிற்பது பணமல்ல, அந்த நிலமே. நிலம் இருந்தால் மழையைக் கணக்கில் எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையை நனைக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இங்கேதான் கரையைக் கடந்தன. தண்ணீர் தேங்கிய களிமண் தரையில் ஒரு வாரம் ஆடினால் மேடு பள்ளம் விழுந்து, பிறகு கணுக்கால்கள் பிசகும். ஆகவே பயிற்சியை ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், மறுபடி ஜனவரி முதல் மார்ச் வரையிலும் வைத்து, இடைப்பட்ட காலத்தில் தரையை ஓய்வாக விடுங்கள். முதல் ஆண்டில் செலவிடக் கையில் பணம் இருந்தால், புதிய ஜெர்சியை விட மைதானத்தின் ஓரத்தில் ஒரு வடிகாலே நல்லது. நிலமே இல்லாத கல்லூரி, கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்திலோ புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்திலோ பயிற்சி நேரம் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது வேலையைத்தான் எவரும் செய்வதில்லை. கடந்த ஐந்தாண்டுகளில் அணியில் ஆடிய ஒவ்வொரு மாணவர் பெயரையும் எழுதி, அவர் படிப்பை முடித்தாரா, இன்று என்ன செய்கிறார் என்று விசாரித்துக் குறியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆண்டின் நடுவில் அணியை நிறுத்தினார்கள். மீனவர் குடியிருப்புகளிலிருந்து வந்துகொண்டிருந்த மூன்று பிள்ளைகள் அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்டவே வரவில்லை. காலை ஆறு மணிப் பயிற்சிதான் அவர்களைக் கல்லூரிக்கு வரவழைத்திருக்கிறது என்பது அதன் பிறகே எங்களுக்கு விளங்கியது. கோப்பைகளின் எண்ணிக்கை இதைக் காட்டாது. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதையும், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர்கள் பெறும் விளையாட்டு விருதுகள் கணக்கில் வருவதையும் இந்தப் பட்டியலின் அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் அணி இல்லாத கல்லூரி, ஆண்கள் அணியைப் பற்றி மட்டும் விவாதிப்பது பாதி விவாதமே. கடலூரிலிருந்து புறப்பட்ட இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணிக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். இந்த ஊரின் இந்திரா காந்தி அகாடமி அணி இந்திய மகளிர் லீக்கில் ஆடியிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் மாணவிகளுக்கு அணி வைக்காதிருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை கல்லூரிக்கே உண்டு என்பது என் உறுதியான கருத்து.

அவசர முடிவுக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகம், செலவைக் காரணம் காட்டி 2014 டிசம்பரில் தன் அணியைக் கலைத்தது. அவர்கள் ஆடுவது வேறு வகைக் கால்பந்து என்றாலும் கணக்கு ஒன்றுதான். ஊராரும் பழைய மாணவர்களும் எதிர்த்துப் பணம் திரட்டியதால் 2015 ஜூனில் முடிவு மாறியது, அணி 2017இல் மீண்டும் களமிறங்கியது. பழைய மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் நடுவில் இரண்டு பருவங்கள் வீணாகியிருக்காது. ஆகவே தாள்கள் தயாரானதும் பழைய வீரர்களை அழைத்து, ஆண்டுக்கு எவ்வளவு பொறுப்பேற்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு பதினெட்டுப் பேர் கொண்ட அணி திரளவில்லையென்றால், எழுவர் ஆட்டத்துக்கு இறங்கி, பக்கத்துக் கல்லூரியோடு பயிற்சியை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் கல்வியாண்டு தொடங்குமுன் அறிவியுங்கள்; விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குக் கொடுத்த கட்டணச் சலுகையை அவர்கள் பட்டம் பெறும்வரை தொடருங்கள்; கோல் கம்பங்களை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்.