இங்கிலிஷ் பேர் வைக்க முதல் அதிட அர்த்தத்தைத் தேடுறது எப்படி

திருகோணமலையில வேதக்கார வீடுகள்ல மட்டுமில்ல, சைவ வீடுகள்லயும் இப்ப ஜெனிபர், ஜெசிக்கா எண்டு பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பேர் வைக்கிறாங்க, சாத்திரியார் 'ஜெ' எழுத்தைச் சொன்ன உடனே போனை எடுத்துத் தேடி முதல்ல வாற அர்த்தத்தையே நம்பிடுறாங்க. அந்தத் தளங்கள்ல எந்தப் பேரைப் போட்டாலும் 'அழகானவள்' எண்டுதான் கிடக்கும். ஆயுசுக்கும் கூட வாற பேர், கொஞ்சம் பொறுமையாத் தேடுங்கோ.

முதல்ல அது முழுப் பேரா சுருக்கமா எண்டு பாருங்கோ. லிசா, பெட்டி, எல்சி எல்லாம் எலிசபெத்துதான், இசபெல்லும் அதே பேர்தான். ரீட்டா, பெகி, கிரேட்டா மூண்டுக்கும் வேர் மார்கரெட், கிரேக்கத்தில முத்து. சாலி சாராவில இருந்து வந்தது, நான்சி ஆன்ல இருந்து.

வேர் கிடைச்சா அடுத்து தமிழ் வேதாகமத்தைத் திறவுங்கோ, இது சைவ ஆக்களுக்கும்தான் சொல்றன், ஏனெண்டா இங்கிலிஷ் பேர் எண்டு நாங்க நினைக்கிற கனக்கப் பேர் உண்மையில எபிரேயப் பேர். ஆன் அங்க அன்னாள், அருள் எண்டு அர்த்தம். சூசன் சூசன்னாள், லில்லிப் பூ. ரேச்சல் ராகேல், பெண் ஆடு. டெபோரா தெபொராள், தேனீ. ஜேன், ஜோன் எல்லாம் யோவானோட பெண்பால், கடவுள் இரங்கினார் எண்டு வரும் (இங்கிலிஷ் நாவல் எழுதின ஜேன் ஒஸ்டினிட தம்பி சாள்ஸ் 1852ல செத்து எங்கட ஊர்லதான் அடக்கம், கனபேருக்குத் தெரியாது). கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வைக்கிற மர்யமும் மேரியும் ஒரே பேர்தான், ஆனா அதிட அர்த்தத்தில அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகேல்ல, கசப்பு எண்டுவாங்க, பிரியமானவள் எண்டுவாங்க, அதால மேரிக்கு ஒரே ஒரு அர்த்தத்தை அடிச்சுச் சொல்ற தளத்தை மற்றப் பேருக்கும் நம்பாதீங்கோ.

வேதாகமத்தில இல்லாட்டி கிரேக்கம், லத்தீன் பாருங்கோ. சோபியா ஞானம், ஐரீன் சமாதானம், லூசி வெளிச்சம், விக்டோரியா வெற்றி. இதில ஒரு கவனம் வேணும், செசிலியா ரோமாபுரியில ஒரு குலப் பேர், குருடு எண்ட சொல்லோட சேர்த்துத்தான் அதைச் சொல்றது, கிளோடியாவும் குலப் பேர்தான், அதுக்கு நொண்டி எண்ட சொல். நானெண்டா இதுக்காக செசிலியாவை விடமாட்டன், சங்கீதத்துக்குக் காவலான புனிதையிட பேர் அது. ஆனா தெரிஞ்சு வைக்கிறது வேற, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு தெரிய வாறது வேற.

மட்டில்டா, ஹில்டா, ஈடித் எல்லாம் பழைய ஜெர்மானியப் பேர், மூண்டுக்குள்ளயும் போர் எண்ட சொல் கிடக்கு. 1066ல நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு பழைய இங்கிலிஷ் பேர்கள் கனக்க வழக்கத்தில இருந்து போயிட்டு, ஈடித் தப்பின ஒண்டு.

சில பேரைத் தோண்டினா ஒரு எழுத்தாளர்தான் வருவார். வனெசா ஜோனதன் ஸ்விப்ட் உண்டாக்கின பேர், ஜெசிக்கா ஷேக்ஸ்பியரிட நாடகத்தில வந்த பேர். அப்படிப்பட்ட பேருக்கு 'பழங்காலத்து அர்த்தம்' எண்டு போட்டிருந்தா சந்தேகப்படுங்கோ. ஜெனிபர் அப்படியில்ல, இங்கிலாந்தில கோர்ன்வால் பக்கத்துப் பழைய பேர், முன்பாதி வெள்ளை எண்ட சொல்.

பேர் முடிவானா தமிழிலயும் இங்கிலிஷிலயும் ஒரு பேப்பர்ல வடிவா எழுதி, அப்பம்மாவைக் கொண்டு ஒருக்கா கூப்பிடச் சொல்லிப் பாருங்கோ, பிறகு பதிவாளரிட்ட அந்தப் பேப்பரையே குடுங்கோ. கத்தரினுக்கு முன்னால சீயா கேயா எண்டு பிறகு பாஸ்போட் எடுக்கேக்க அலையத் தேவையில்ல.