அழுத்திய மையிலிருந்து ஓர் அயல்கோள்: ஒரு பக்கப் படக்கதை செய்யும் முறை

அயல்கோளை வரைய உட்கார்ந்தால் ஏற்கெனவே பார்த்த படங்கள்தான் கையில் வரும்: இரண்டு நிலா, கூம்பு மலை, நடுவே ஒரு ராக்கெட். கனவையும் தற்செயலையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நிலத்தைக் கை வரையக் கூடாது, அது தானாக வர வேண்டும். 1936 வாக்கில் அவர்களில் ஒருவரான ஆஸ்கர் டொமிங்கஸ் இரண்டு தாள்களுக்கு நடுவே கறுப்பு வண்ணத்தை வைத்து அழுத்திப் பிரித்தார். பாறை, பவளம், குகை எல்லாம் அதில் தெரிந்தன. இந்த உத்தியின் பெயர் டெகால்கோமேனியா. மாக்ஸ் எர்ன்ஸ்ட் இதை எண்ணெய் வண்ணத்தில் செய்து, 1940–42-ல் அழிந்துபோன ஓர் ஐரோப்பாவையே உருவாக்கினார். 1950-களில் அமெரிக்க அறிவியல் புனைகதை நூல்களுக்கு ரிச்சர்ட் பவர்ஸ் வரைந்த அட்டைகளிலும் சர்ரியலிஸ்டுகளின், குறிப்பாக ஈவ் டாங்கியின், வெட்டவெளிகள்தான் தெரியும்.

தேவையானவை: ஏ5 அளவில் வழவழப்பான ஆர்ட் பேப்பர் 10 தாள், கறுப்பு போஸ்டர் கலர், அகலத் தூரிகை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட். சாதாரண சார்ட் பேப்பர் மையைக் குடித்துவிடும், கோடு விழாது.

இரண்டு டீஸ்பூன் வண்ணத்தில் பத்துப் பன்னிரண்டு சொட்டு நீர் விடுங்கள். கெட்டித் தயிருக்கும் மோருக்கும் நடுவிலான பதம் வேண்டும். தாளில் திட்டுத்திட்டாகப் பூசி, மேலே ஷீட்டை வைத்து உள்ளங்கையால் ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். அரை நிமிடத்துக்குள் பிரித்துவிட வேண்டும். பிரிக்கும்போது ஓரத்திலிருந்து காற்று உள்ளே நுழைகிறது. மையைவிடக் காற்று இளகியது என்பதால் அது நேர்கோடாக முன்னேறாமல் விரல் விரலாகப் புகுகிறது. விரல்களுக்கு இடையே ஒதுங்கிய மைதான் நரம்புகளாக நிற்கிறது. ஒரு முனையிலிருந்து மெல்ல உரித்தால் நரம்புகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும், செங்குத்துப் பாறைக்கு அது நல்லது. நான்கு பக்கமும் ஒன்றாகத் தூக்கினால் மரம் போலக் கிளைவிடும். மை தண்ணீராக இருந்தால் வெறும் குட்டைதான் மிஞ்சும். அதிகம் பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிரும். பத்துத் தாளில் இரண்டு தேறினால் போதும்.

தேறியவற்றின் மேல் நேரடியாக வரையாதீர்கள். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் நீர் பட்டால் கரையும், பேனா மை அதோடு கலந்து சேறாகிவிடும். ஜெராக்ஸ் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். சற்று வெளிறிய நகலாக எடுங்கள், மேலே வரைவதற்கு இடம் கிடைக்கும். நகலை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு எது தரை, எது வானம் என்று முடிவெடுங்கள். முகங்கள் தெரிந்தால் உடனே வெள்ளையால் மறையுங்கள். ஒரு முகம் இருந்தால் போதும், வாசகர் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை தற்செயல். இனிமேல் கணக்கு, அதில்தான் பெரும்பாலான முயற்சிகள் கவிழ்கின்றன. ஓவியம் ஒற்றைப் படமாக நிற்கலாம். படக்கதையில் அதே நிலத்துக்கு அடுத்த கட்டத்திலும் திரும்பி வர வேண்டும். ஒரு மி.மீ. நரம்பின் பக்கத்தில் 8 மி.மீ. மனிதனை வைத்தால் அது வேர், அதே நரம்பின் பக்கத்தில் 2 மி.மீ. மனிதனை வைத்தால் அது பாறைச் சுவர். எது என்று முதல் கட்டத்திலேயே தீர்மானித்துக்கொண்டு, பிறகு மாற்றாதீர்கள். கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால் மனிதனோடு நிலத்தையும் சேர்த்துப் பெரிதாக்கி நகலெடுங்கள். ஒளி இடப்பக்கத்திலிருந்து என்றால் ஒவ்வொரு நரம்பின் இடது விளிம்பிலும் வெள்ளை, வலப்பக்கம் நீண்ட நிழல். டாங்கியின் ஓவியங்களில் உள்ள பொருள்கள் என்னவென்றே தெரியாவிட்டாலும் நிஜமாக நிற்பதற்கு அந்த நிழல் ஒரு முக்கியக் காரணம்.

உயிரினம் வேண்டுமா? 1925-ல் பாரிசில் பிறந்த ‘அழகிய பிணம்’ விளையாட்டு உதவும். தாளை மூன்றாக மடித்து, தலை, உடல், கால் மூன்றையும் மூன்று பேர் ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமல் வரைய வேண்டும். மடிப்பைத் தாண்டி 5 மி.மீ. கோட்டை நீட்டிவிட்டால் அடுத்தவருக்குத் தொடர்ச்சி கிடைக்கும். வந்த உருவத்தை அப்படியே கட்டத்தில் ஒட்டினால் கேலிச்சித்திரம்தான். எதனால் மூச்சு விடுகிறது, எடையை எந்தக் கால் தாங்குகிறது என்று விடை கண்டு, முன், பக்கம், பின் என மூன்று கோணத்தில் வரையுங்கள். கனவு உருவம் அறிவியல் புனைகதை உயிராவது இந்த இடத்தில்தான்.

கதையை முன்கூட்டியே எழுதவும் தேவையில்லை. பிரெஞ்சுப் படக்கதை ஓவியர் மோபியஸ் 1976 முதல் 1979 வரை ஒரு நீண்ட கதையை முழுத் திட்டமில்லாமல் தவணைக்குச் சில பக்கங்களாக வரைந்தார். (தமிழில் கேப்டன் டைகர் என்று வந்த தொடரை வரைந்த ழான் ஜிரோவும் இவரேதான்.) ஏ4 பக்கத்தில் மேலே அகலமாக ஒன்று, கீழே நான்கு என ஐந்து கட்டங்கள் போதும். இடைவெளி 5 மி.மீ.

வாசகத்தை நிலத்தின் மேல் எழுதினால் நரம்புகளுக்குள் எழுத்து தொலைந்துபோகும். தனி வெள்ளைத் துண்டில் 3 மி.மீ. உயரத்துக்கு எழுதி, கட்டத்தின் மேல் ஓரத்தில் ஒட்டுங்கள். ஈரப் பசை நகலைச் சுருட்டிவிடும், குச்சிப் பசைதான் சரி.